மேத்தாஜி திருப்பியனுப்பிய வாடகை

வாடகை வசூலிக்கிறவன் படியேறும் சத்தம் கேட்டால் மனிதர்களுக்கு வராத வியாதி கிடையாது. நேற்றுவரை குத்துக்கல் மாதிரி இருந்தவர் போர்வைக்குள் போய்விடுவார். நன்றாகக் காது கேட்கிறவருக்குக் காது அடைத்துவிடும். வீட்டம்மாளுக்கு அலமாரிச் சாவி வைத்த இடம் மறந்துபோகும். இதைப் படிக்கிற நீங்கள் கதவுக்கு உள்ளே நின்று அவதிப்பட்டவரா, வெளியே நின்று அவதிப்பட்டவரா, எனக்குத் தெரியாது. நான் இரண்டு பக்கமும் நின்றவன். ஊராரிடம் வாடகை கேட்பது என் உத்தியோகம். மாட்டுங்காவில் நான் குடியிருந்த வீட்டுக்கு வசூல்காரர் வருகிற நாளில் பின்படி வழியாக இறங்கி அந்த உத்தியோகத்துக்குப் போவேன். ஆகவே நாமெல்லாம் ஒரே கட்சி.

அறுபதுகளில் பத்து வருஷம் பெரின்பாய் என்ற பார்ஸி அம்மாளின் எஸ்டேட்டில் குமாஸ்தாவாக இருந்தேன். பம்பாயில் வாடகைக் குமாஸ்தாவை மேத்தாஜி என்பார்கள். பாலக்காட்டில் எனக்கு வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. பெரின்பாயின் கொள்ளுத்தாத்தா, வெள்ளைக்காரன் காலத்தில் உப்பளமும் வயலும் மாந்தோப்புமாக நிலத்தை வளைத்துப் போட்டவர். காலையில் குதிரை ஏறினால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் சொந்த நிலத்திலேயே போகலாமாம். என் காலத்துக்கு மிஞ்சியது மாட்டுங்காவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று, தாராவியில் அறைக்கு ஒரு குடித்தனமாகப் பதினெட்டு அறை கொண்ட ஒரு சால், செம்பூரில் ஒரு துண்டு மாந்தோப்பு. அப்புறம் அந்தக் காலத்துத் தோல் அட்டைப் பேரேடு ஒன்று. குதிரை வேண்டியிருக்கவில்லை, ரயில் பாஸ் போதும்.

என் பெருமையை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆறு மாத வாடகை பாக்கி விழுந்தால் வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லி கோர்ட்டுக்குப் போகலாம். என் கையில் இருந்த ஒரு குடித்தனத்தையும் நான் அந்த ஆறாவது மாதத்தைத் தொட விட்டதில்லை. ஐந்தாவது மாதம் முடிவதற்குள் கெஞ்சியோ, கத்தியோ, வாசலிலேயே உட்கார்ந்துகொண்டோ ஒரு மாத வாடகையாவது வாங்கி ரசீது கிழித்துக் கொடுத்துவிடுவேன். எஸ்டேட்டுக்குப் பணம், அவர்களுக்குக் கூரை, எனக்கு வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற கஷ்டம் மிச்சம்.

முதல் தேதி, முதல் வாடகை

வேலைக்குச் சேர்ந்த மாதம் ஒரு விஷயம் தெரிந்து அசந்துபோனேன். இத்தனை பேரிடம் வாடகை வாங்குகிற பெரின்பாயே வாடகை வீட்டில்தான் இருந்தார். பூர்வீக பங்களா என்றைக்கோ கைமாறிவிட்டது. தாதரில் இரண்டாவது மாடியில் ஒரு பிளாட்டில் கணவரோடு குடிவந்து, அவர் காலமான பிறகும் அங்கேயே இருந்தார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் ஒரு கவரில் பணத்தைப் போட்டுக் கொடுப்பார். நான் கோட்டை என்கிற ஆபீஸ் பேட்டைக்குப் போய் அவருடைய வீட்டுச் சொந்தக்காரர் ஆபீசில் கட்டி, ரசீதைக் கொண்டுவந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். அதன் பிறகுதான் எங்கள் குடித்தனக்காரர்களிடம் நான் போகலாம்.

ஒரு தடவை நல்ல மழை. முதலில் மாட்டுங்கா வசூலை முடித்துக்கொண்டு, சாயங்காலம் கோட்டைக்குப் போகிறேனே என்று கேட்டேன். பெரின்பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அதற்குக் கோபம் என்று அர்த்தம். முதலில் கொடுக்க வேண்டும், வாங்குவது அதற்குப் பிறகுதான் என்பதைத் தன் பார்ஸி ஹிந்தியில் எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்திச் சொன்னார்: "பெஹ்லே தேனே கா, பாத் மே லேனே கா, மேத்தாஜி. குடை இருக்கா, இல்லே என்னுது தரட்டுமா?"

மழைக்கு இருபத்தைந்து பைசா

மாட்டுங்கா கட்டடத்தின் மேல்மாடியில் கோபாலய்யர் என்றொரு ரிடையர்டு ஹெட் கிளார்க். வாடகையைத் தேதி தவறாமல் தருவார். ஆனால் ஜூன் பிறந்தால் அதில் இருபத்தைந்து பைசா குறையும். சமையலறையில் ஒழுகுகிறதாம், ஒழுகலுக்கு அடியில் வைக்கிற பாத்திரத்துக்கு வாடகையாம். முழு வாடகை வராமல் ரசீது எழுத மாட்டேன் என்று நான் நின்றேன். அவரும் லேசுப்பட்டவரா? எஸ்டேட்டுக்கு டைப் அடித்து நாலு கடிதம் போட்டார். தபால்தலைக்குச் செலவழித்த காசில் ஒரு பக்கெட்டே வாங்கியிருக்கலாம்.

பெருமையை விட்டுக்கொடுக்க எனக்கும் மனசில்லை. ஆனாலும் ஐந்தாவது மாதம் வந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு நானே மொட்டை மாடி ஏறி, தார் பூசுகிற வரைக்கும் பக்கத்தில் நின்றேன். என் ஒரே நல்ல வேட்டி பாழாய்ப் போயிற்று. மறுநாள் கோபாலய்யர் பாக்கி முழுவதையும் பைசா சுத்தமாக எண்ணி வைத்தார். பிறகு உள்ளே போய், தட்டு போட்டு மூடிய ஒரு பித்தளைக் குடத்தைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து என் காலடியில் வைத்தார். கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரைச் சாட்சிக்காக அதுவரை கொட்டாமல் வைத்திருந்திருக்கிறார்.

"உம்ம எஸ்டேட் ஜலம் ஓய்! நமக்குள்ளே பாக்கி வேண்டாம், எடுத்துண்டு போம்!"

நூறு மாம்பழம்

செம்பூர்த் தோப்புக்குப் பாண்டு பாட்டீல் என்ற மராட்டியர் குத்தகைதாரர். தோல் அட்டைப் பேரேட்டில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு முழுப் பக்கம் உண்டு. வருஷத்துக்கு இரண்டரை ரூபாயும் நூறு மாம்பழமும் குத்தகை. எழுதியவர் பெரின்பாயின் கொள்ளுத்தாத்தா, கைநாட்டு வைத்தவர் பாண்டுவின் தாத்தாவுக்கு அப்பா. அணா போய் நயா பைசா வந்தும் அந்தப் பக்கத்தை யாரும் திருத்தவில்லை. ரசீதைக்கூட நான் அந்தக் கைநாட்டுக்காரர் பெயருக்குத்தான் எழுதினேன். அவர் செத்து அரை நூற்றாண்டு ஆகியிருக்கும். வீட்டில் அடுப்பு எரிகிற வரைக்கும் பேரேட்டில் பெயரை மாற்றுவதில்லை என்பது எஸ்டேட் வழக்கம். பெயரை மாற்றக் கேட்டால் புதுப் பத்திரம், புது வாடகை என்று பேச்சு வளரும். அதனால் குடித்தனக்காரர்களும் கேட்க மாட்டார்கள், நாங்களும் கேட்க மாட்டோம். பேரேட்டில் பாதிப்பேர் பரலோகத்தில் இருந்துகொண்டு வாடகை கட்டினார்கள்.

சுற்றிலும் தொழிற்சாலைகள் வந்த பிறகு மரங்கள் காய்ப்பதைக் குறைத்துக்கொண்டன. ஆனாலும் மே மாதம் பிறந்தால் கூடையும் தலையுமாகப் பாண்டு வந்து நிற்பார். எண்ணினால் நூறு இருக்கும். ஒரு வருஷம் கூடையைப் பிரித்தபோது வைக்கோலுக்கு அடியில் மார்க்கெட் வியாபாரியின் சீட்டு கிடந்தது. மனுஷன் கடையில் காசு கொடுத்து வாங்கிக் குத்தகை கட்டியிருக்கிறார்! இரண்டரை ரூபாய்க் குத்தகைக்கு எத்தனை ரூபாய்க்கு மாம்பழம் வாங்கினீர் என்று கேட்டேன். தலையில் சும்மாடாகச் சுருட்டியிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் மராட்டியில் சொன்னது இதுதான்: "மரம் வாக்குத் தவறலாம் மேத்தாஜி, அது கைநாட்டு வைக்கல்லே."

ஆணியில் தொங்கிய சட்டை

தாராவிச் சாலில் முதல் அறை ரோட்டைப் பார்த்த அறை. வாடகை பதினோரு ரூபாய். திருநெல்வேலிப் பக்கத்து மாரியப்பன் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை பார்த்தார். மனைவி செல்லம்மாள் தோல் பைகளுக்கு உள்துணி தைப்பாள். இரண்டு பெண் குழந்தைகள். ஒரு மழைக்காலத்தில் மாரியப்பன் காய்ச்சலில் போய்ச்சேர்ந்துவிட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் என்னைக் கண்டதும் சால் முழுவதும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தி முதல் அறைப் பக்கம் பார்த்ததில் எனக்குப் புரிந்துவிட்டது. முதல் அறைக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாரியப்பனின் நீலக்கோடு போட்ட அரைக்கைச் சட்டை தொங்கியது. "அவுக வேலைக்குப் போயிருக்காவ" என்று செல்லம்மாள் பதினோரு ரூபாயை நீட்டினாள். ரசீது அவர் பெயரில். அவர் இல்லை என்று தெரிந்தால் அறை போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

கூடவே குடியிருந்த மனைவிக்கு அந்த அறையில் உரிமை உண்டு. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அன்றைக்கே ரசீதை அவள் பெயருக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பேரேட்டு வழக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது பெரிய மனசு என்றுகூட எனக்குள் ஒரு கர்வம். நான் செய்த தப்பு அதுதான், பின்னால் அது என்னை நன்றாகப் படுத்தியது. மூன்று வருஷம் மாதாமாதம் நான் போவேன். சட்டை துவைத்து இஸ்திரி போட்டுத் தொங்கும். மாரியப்பன் வேலைக்குப் போயிருப்பார். ஒரு தடவை வாய் சும்மா இருக்காமல், மாரியப்பனுக்கு லீவே கிடையாதா என்று கேட்டுவிட்டேன். செல்லம்மாள் தையல் மெஷினிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நீங்க அவுக பேருக்கு ரசீது எழுதுத வரைக்கும் அவுக வேலைக்குப் போவாவ, மேத்தாஜி."

வாங்காமல் இருக்கிற வேலை

பெரின்பாய்க்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. பிறகு தடிக் கண்ணாடி போட்டும் எழுத்துப் படிக்க முடியவில்லை. அவருடைய தம்பி மகன் ரூஸி சேட், நடத்திய வியாபாரத்தை எல்லாம் மூடிவிட்டு, எஸ்டேட்டைக் கவனிக்கிறேன் என்று ஆபீஸ் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பேச்சில் தேன் ஒழுகும். வந்த இரண்டாவது வாரம் என்னைக் கூப்பிட்டார். தாராவியில் ரோட்டைப் பார்த்த முதல் அறையைக் கடையாக்க ஒரு தோல் வியாபாரி ஐயாயிரம் ரூபாய் பகடி தருகிறாராம். பகடி என்றால் ரசீதில் வராமல் கைக்குள் வருகிற முன்பணம். மாரியப்பன் இறந்த விஷயத்தையும் அந்த வியாபாரியே சொல்லிவிட்டார்.

"இந்த மாசத்திலிருந்து முதல் ரூம் வாடகையை வாங்காதீங்க" என்றார் ரூஸி சேட். "ஆறு மாசம் போகட்டும். பாக்கி ஆச்சு, ரசீது செத்தவன் பேர்ல இருக்கு. வக்கீல் மீதியைப் பாத்துக்குவார். அத்தைகிட்ட சொல்ல வேண்டாம், டாக்டர் கவலைப்படக் கூடாதுன்னிருக்கார்." கொடுக்கிற பணத்தை வாங்காமல் பாக்கி என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான்விட்டது. அவர் சிரித்துக்கொண்டே வாசல் கதவைப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் வாங்கறதுக்குச் சம்பளம் கொடுத்தோம், மேத்தாஜி. இனிமே வாங்காம இருக்கறதுக்குக் கொடுக்கறோம். பிடிக்கலேன்னா வேற ஆள் பாத்துக்கறோம்."

நீட்டிய கை

எனக்கும் இரண்டு பெண்கள், பள்ளிக்கூடச் சம்பளம், பின்படி வழியாகத் தப்பிக்க வேண்டிய வாடகை. வேலையை விடுகிற தைரியம் வரவில்லை, அதை மறைக்கப்போவதில்லை. அடுத்த முதல் தேதி தாராவிக்குப் போனேன். மற்ற பதினேழு அறையையும் முடித்துவிட்டுக் கடைசியாக முதல் அறைக்கு வந்தேன். செல்லம்மாள் பதினோரு ரூபாயை நீட்டினாள். நான் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை வருஷத்தில் முன்னால் முழுசாக நீட்டிய வாடகையை வாங்காமல் நான் நின்றது அன்றைக்குத்தான்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த பத்து ரூபாய் நோட்டை விரித்து வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"நோட்டு கிழிஞ்சிருக்கா அய்யா? வேற மாத்தித் தாரேன், செத்த நில்லுங்க."

எழுதியவரும் மறுத்தவரும்

நோட்டில் ஒன்றுமில்லை, அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் தபாலாபீசில் ஒரு மணியார்டர் பாரம் வாங்கிக்கொண்டு தாராவிக்குப் போனேன். செல்லம்மாளிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். மாரியப்பன் இல்லை என்பதை நாங்கள் இருவரும் முதல்முதலாக வாய்விட்டுப் பேசிக்கொண்டது அப்போதுதான். அவள் அழுதாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பாரத்தை அவள் தையல் மெஷின் பலகையில் வைத்து நானே நிரப்பினேன். அனுப்புகிறவர்: செல்லம்மாள், மாரியப்பன் மனைவி, முதல் அறை. பெறுகிறவர்: எஸ்டேட் ஆபீஸ். தகவல்: இந்த மாத வாடகை. "பணம் உங்கிட்டயே திரும்பி வரும். தபாலாபீஸ் சீட்டைப் பத்திரமா வெச்சுக்கோ. வாடகை கட்டலேன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது" என்றேன்.

மூன்றாம் நாள் அந்த மணியார்டர் ஆபீசுக்கு வந்தது. ரூஸி சேட் உத்தரவுப்படி, 'பெற மறுக்கப்பட்டது' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உத்தரவை மீறினேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது பாருங்கள். பதினோரு ரூபாய் தாராவிக்குத் திரும்பிப் போயிற்று. அடுத்த மாதமும் இப்படியே. எங்கள் போஸ்ட்மேன் மராட்டியர். மாட்டுங்காவில் பதினைந்து வருஷம் தபால் கொடுத்துத் தமிழ் கற்றுக்கொண்டவர். நான்காவது மாதம் பாரத்தின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சைக்கிள் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, ரூஸி சேட் அறைக் கதவு மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு என் காதருகே வந்தார்.

"மேத்தாஜி, அனுப்பறேன்னு எழுதறதும் உங்க கை, வேணாம்னு எழுதறதும் உங்க கை. நடுவுல நான் எதுக்கு சைக்கிள் மிதிக்கறேன்?"

பிஸ்கட் டப்பா

ஆறாவது மாதம் முதல் தேதி. கோட்டையில் பெரின்பாயின் வாடகையைக் கட்டிவிட்டு ரசீதோடு தாதர் பிளாட்டுக்குப் போனேன். ரூஸி சேட் எனக்கு முன்னாலேயே வந்து வக்கீல் நோட்டீஸை மேஜையில் விரித்து, பேனாவைத் திறந்து அத்தையின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். சொத்து பெரின்பாய் பெயரில் இருந்ததால் அவர் கையெழுத்து வேண்டும். "சின்ன விஷயம் அத்தை. ஒரு ரூம். குடியிருந்தவன் செத்துட்டான், ஆறு மாசமா வாடகை வரல்லே" என்றார். பெரின்பாய் என் செருப்புச் சத்தம் வந்த திசைக்குத் திரும்பி, "மேத்தாஜி, உம்ம கையில் ஆறு மாசப் பாக்கியா?" என்றார். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. செல்லம்மாளுக்காகவும் பேசினேன், என் பெயருக்காகவும் பேசினேன். எது முந்திக்கொண்டது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"பாக்கியே இல்லை, பெரின்பாய்" என்று, முந்தின நாளே செல்லம்மாளிடம் வாங்கிவைத்திருந்த ஐந்து தபாலாபீஸ் சீட்டுகளையும், திரும்பிப் போன ஐந்து பாரங்களையும் பையிலிருந்து எடுத்து வைத்தேன். ரூஸி சேட் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது உங்க கையெழுத்து!" என்று கத்தினார். "ஆமாம். இந்த எஸ்டேட்டில் இதைவிட நல்ல கையெழுத்து கிடையாது" என்றேன். வேலை போனது என்று அப்போதே முடிவு செய்துவிட்டதால் பயம் விட்டுப்போயிருந்தது. அவர் விடவில்லை. ரசீது செத்தவன் பேரில் இருக்கிறது, செத்தவன் பேரில் இருப்பது செல்லாது என்றார். செம்பூர் பாண்டுவின் ரசீது யார் பேரில் இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். அப்படியானால் அவனையும் காலி செய்யலாம் என்றார். அதற்கு மேல் என்னிடம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அன்று காலை கோட்டையில் வாங்கிவந்த ரசீதை எடுத்து, வழக்கம்போல் பிஸ்கட் டப்பாவில் போடாமல், உரக்கப் படித்தேன். தாதர், இரண்டாவது மாடி, இந்த மாத வாடகை பெறப்பட்டது, கொடுத்தவர் பெயர், ஸோராப்ஜி.

ஸோராப்ஜி பெரின்பாயின் கணவர். அவர் காலமாகிப் பதினெட்டு வருஷம். கண் நன்றாக இருந்த காலத்திலும் பெரின்பாய் அந்த ரசீதைப் படித்ததில்லை, நான் கொண்டுவந்தால் டப்பாவைத் திறந்து நீட்டுவார், அவ்வளவுதான். இப்போது கையை நீட்டினார். ரசீதைக் கொடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத எழுத்தைக் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டுத் தம்பி மகன் பக்கம் திரும்பினார்.

"ரூஸி, இந்த வீட்டுச் சொந்தக்காரனுக்கும் உன்னை மாதிரி ஒரு தம்பி மகன் இருந்திருந்தா நான் இந்நேரம் நடுரோட்டுல நிப்பேன். இன்னிக்கு மேத்தாஜி வசூலுக்குப் போகணும், வழியை விடு."

புது ரசீது

நேரே தாராவிக்குப் போனேன். கிங்ஸ் சர்க்கிளில் பஸ் இறங்கி நடந்தேன் என்று சொல்வதைவிட ஓடினேன் என்று சொல்லலாம், அந்த வயதில் அந்தத் தொந்தியோடு. செல்லம்மாளின் அறை வாசலில் நின்று, "வாடகை" என்று கத்தினேன். அப்படிக் கத்துவது அவ்வளவு சந்தோஷமான காரியம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் உள்ளே போய், பைக்கு வைத்துத் தைக்கிற உள்துணியில் முடிந்த ஐந்து முடிச்சுகளைக் கொண்டுவந்தாள். திரும்பி வந்த பணத்தில் ஒரு பைசா தொடாமல் மாசத்துக்கு ஒன்றாக முடிந்து வைத்திருந்தாள். ஆறாவது மாதத்துக்கான பணத்தை இடுப்பிலிருந்து எடுத்தாள். ஆறு ரசீது எழுதினேன், ஆறிலும் செல்லம்மாள் என்று. பெரின்பாயிடம் கேட்டுக்கொண்டு தாராவியில் பெயர் மாற்ற வேண்டிய மற்ற குடித்தனங்களுக்கும் அந்த மாதமே மாற்றி எழுதிவிட்டேன். வாடகையில் பத்து பைசா ஏற்றவில்லை. ரூஸி சேட் அதற்கப்புறம் ஆபீஸ் பக்கம் வரவில்லை.

ரசீதில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று செல்லம்மாள் காட்டச் சொன்னாள். காட்டினேன். விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு, பெரிய பெண்ணைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னாள். நான் ரசீதுப் புத்தகத்தை மூடினேன். அதோடு போகாமல் என் அதிகப்பிரசங்கித்தனத்தைக் காட்டினேன். இனிமேல் கதவுக்குப் பின்னால் சட்டை எதற்கு, எடுத்து உள்ளே வைத்துவிடேன் என்றேன். அவள் சட்டையின் காலரை நேராக்கி விட்டாள்.

"ஒங்களுக்குக் காட்ட வேண்டாம், சரிதான் மேத்தாஜி. மூணு வருசமா துவைச்சுப் போட்டதுல அவுக இங்கனதான் இருக்காவன்னு எனக்கே பழகிப்போச்சு, அது அங்கனயே கெடக்கட்டும்."

பத்து வருஷத்தில் யாரிடமும் ஒரு மாத வாடகையைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை என்று இன்றைக்கும் போகிற வருகிற இடத்திலெல்லாம் பீற்றிக்கொள்கிறேன், ஆனால் வேண்டாம் என்று என் கையால் எழுதித் திருப்பியனுப்பிய அந்த ஐந்து மாத வாடகையைப் பற்றித்தான் அதைவிட அதிகமாகப் பீற்றிக்கொள்கிறேன் என்று என் மனைவி சொல்கிறாள்.